இதே நாளில் நான் சொன்ன பொய்

கிழக்குத் தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் இங்கே எழுதப்போவது எனக்குப் பெருமை தரும் விஷயம் இல்லை. இதை இதுவரை முழுதாகச் சொன்னது இரண்டு இடங்களில்தான். இரண்டு இடத்திலும் நானாக விரும்பிச் சொல்லவில்லை.

கொரோனா முடிந்து பள்ளி மறுபடி திறந்த வருடம் எங்களுக்குப் புதிய தலைமை ஆசிரியை வந்தார். சுறுசுறுப்பானவர். காலை வழிபாட்டில் பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள், ஏதாவது புதிதாகச் செய்ய வேண்டும் என்று சொல்லி, 'அறிவியலில் இந்த நாள்' என்று இரண்டு நிமிடம் ஒதுக்கினார். அதே தேதியில் முன்பு எப்போதோ நடந்த ஒரு கண்டுபிடிப்பு, ஒரு விஞ்ஞானியின் பிறந்த நாள், ஏதாவது ஒரு இயந்திரம் முதன்முதலில் ஓடிய நாள் என்று தினமும் ஒன்று சொல்ல வேண்டும். யார் சொல்வது என்ற கேள்வி வந்தபோது, வேதியியல் ஆசிரியர் மேஜையைப் பார்த்தார், உயிரியல் ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன்.

முதல் சில மாதங்கள் உண்மையாகவே உழைத்தேன். ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் வாங்கி, பக்கத்துக்கு ஒரு தேதி போட்டு, கிடைத்ததை எல்லாம் எழுதி வைத்தேன். பிப்ரவரி இருபத்தெட்டு என்றால் நம் நாட்டின் அறிவியல் நாள். ஜூலை இருபது என்றால் மனிதன் நிலவில் கால் வைத்த நாள். அக்டோபர் நான்கு என்றால் முதல் செயற்கைக்கோள் வானத்துக்குப் போன நாள். இவை எல்லாம் சுலபம். ஆனால் வருடத்தின் எல்லா நாளும் அப்படி இல்லை. சில தேதிகளில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் ஏதோ ஒரு வால்வுக்குக் காப்புரிமை வாங்கினார் என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காது. அதைச் சொன்னால் ஏழாம் வகுப்பு வரிசையில் கொட்டாவி விடுவார்கள்.

ஆனால் நல்ல நாள் கிடைத்தால் எனக்கு நன்றாகச் சொல்ல வரும். குரலை ஏற்றி இறக்கி, ஒரு இடத்தில் நிறுத்தி, பிறகு சொல்வேன். பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா, "நீங்கதான் அந்த தேதி மிஸ்ஸா? பையன் வீட்ல வந்து சொல்லிட்டே இருப்பான்" என்றார். எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போதுகூட அந்தப் பேச்சு வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. வகுப்பில் பாடம் நடத்தி இருபது வருடத்தில் கிடைக்காத பேர் இரண்டு நிமிடத்தில் கிடைத்தது.

முதல் தப்பு சின்னது. ஒரு கண்டுபிடிப்பு நடந்த தேதி மூன்று நாள் முன்னதாக ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. அதை வீணாக்க மனமில்லாமல் புதன்கிழமை சொன்னேன். "இதே நாளில்" என்றுதான் சொன்னேன். யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அப்படிப் பலமுறை செய்தேன். தேதியை நகர்த்துவது பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த விஷயம் உண்மை, நாள் மட்டும் கொஞ்சம் தள்ளி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது வருடம் மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. நாங்கள் இருப்பது மேடவாக்கத்தில், ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில். முந்தைய நாள் மாலையே வர வேண்டிய தண்ணீர் லாரி அன்று காலையில்தான் வந்தது. குழாயை இறக்கிவிட்டு, தொட்டி நிரம்பும்வரை நின்று பார்க்க வேண்டியது அன்றைக்கு எங்கள் வீட்டு முறை. கணவர் ஏற்கெனவே அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார். லாரி போன பிறகு நான் பஸ் பிடித்து, செம்பாக்கத்தில் வண்டிகள் நகராமல் நின்று, பள்ளி வாசலுக்கு வந்தபோது வாழ்த்துப் பாடல் தொடங்கிவிட்டது. நோட்டில் அந்தத் தேதிக்கு இருந்ததை முந்தைய வருடமே சொல்லிவிட்டேன். திரும்பச் சொல்லக் கூடாது என்று தலைமை ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். செல்போனை எடுத்துத் தேட நேரம் இல்லை. இன்று எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். உலகம் ஒன்றும் இடிந்து விழுந்திருக்காது. நான் மைக்கைப் பிடித்தேன்.

வாயில் வந்ததைச் சொன்னேன் என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்தான். மேடைக்கு நடக்கும் அந்த இருபது அடிக்குள் நான் யோசித்துத்தான் கட்டினேன். சென்னைத் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்னால், சென்னைக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்தில் ஒரு மீனவப் பெண் இருந்தாள். கடல் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு பனங்கட்டையில் தினமும் கத்தியால் கோடு போட்டு வந்தாள். பல வருடம். பிறகு கடலை அளக்க வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி அந்தக் கட்டையைப் பார்த்து அசந்துபோய், அவள் போட்ட கோடுகளை வைத்து முதல் அட்டவணையைத் தயாரித்தார். இதே நாளில் அது அச்சாகி வெளிவந்தது. அதில் அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. ஒரு வருடத்தையும் சொன்னேன். அதை இங்கே மறுபடி எழுத மனம் வரவில்லை.

கடைசி வாக்கியத்தைச் சொல்லி நிறுத்தினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். வழக்கமாக அந்த இரண்டு நிமிடத்துக்கு யாரும் கை தட்டுவதில்லை.

மூன்றாவது பீரியட் எனக்கு ஆய்வகம். எங்கள் ஆய்வகத்தில் அட்டெண்டராக ஒரு அக்கா இருந்தார். இப்போதும் இருக்கிறார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். கல்யாணத்துக்குப் பிறகு நகரத்துக்குள் ஆற்றோரம் குடியிருந்தார். அங்கே வீடுகளை இடித்தபோது பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றினார்கள். அங்கிருந்துதான் தினமும் வருகிறார். பிறந்த ஊர் கோவளத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பம். அம்மா, அண்ணி எல்லாரும் மீன் விற்கிறவர்கள். தம்பி கடலுக்குப் போகிறவர். இவர் மட்டும் பத்தாம் வகுப்பு முடித்து இந்த வேலைக்கு வந்தவர். லென்ஸ்களைத் துடைத்து வைப்பதில் அவருக்கு இணையாக ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எங்களுக்குள் ஒரு நெருக்கம் இருந்தது. மதியச் சாப்பாட்டை ஆய்வகத்திலேயே சேர்ந்து சாப்பிடுவோம். என் டிபன் பாக்ஸில் அவர் வீட்டு நெத்திலிக் குழம்பு இல்லாத வெள்ளிக்கிழமை கிடையாது.

அன்று அவர் எடைக்கற்களை வரிசையாக வைத்துக்கொண்டே கேட்டார்.

"மிஸ், காத்தால சொன்னீங்களே, அந்தம்மா எந்த ஊரு?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். சும்மா அடித்துவிட்டேன் அக்கா என்று சொல்லி இரண்டு பேரும் சிரித்திருப்போம். அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு ஆவலை நான் அதில் பார்த்ததே இல்லை.

"கோவளம் பக்கம்னுதான் போட்டிருந்தது அக்கா" என்றேன்.

"எங்க ஊரா கூட இருக்கும் மிஸ். எங்க ஊர்லதான் பொம்பளைங்க கரையில நின்னு கடல பார்த்துகினே இருப்பாங்க."

இருக்கலாம் என்றேன். அதை ஒரு பேப்பரில் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். மதிய இடைவேளையில் பள்ளியின் கோடு போட்ட தாளில் முத்து முத்தாக எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவர் அதை லேமினேட் செய்து கொண்டுவந்து காட்டினார். நன்றாக இருக்கிறது என்றேன்.

அன்று மாலை கணவரிடம் பாதி விளையாட்டாகச் சொன்னேன். நல்ல கதைதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்றார். எனக்கு வேண்டிய பதில் அதுதான், வாங்கி வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாவ அறிக்கை ஜெபத்தை எல்லாரோடும் சேர்ந்து வாய்விட்டுச் சொன்னேன். சின்ன வயதிலிருந்து மனப்பாடம். ஒரு வார்த்தைகூடத் தடுக்கவில்லை.

மறு வருடம் மார்ச் வந்தது. நான் அதை மறந்தேவிட்டேன். அக்கா மறக்கவில்லை. அவர் ஊரில் மீன் விற்கும் பெண்கள் ஒரு குழுவாக இருந்தார்கள். அவர்களிடம் அந்தத் தாளைக் காட்டியிருக்கிறார். அது வீடு வீடாகப் போயிருக்கிறது. இந்த வருடம் அந்த நாளைக் கொண்டாடப்போகிறோம், நீங்கள்தான் சிறப்பு விருந்தினர் என்று வந்து சொன்னார். மறுக்க எத்தனையோ வழி இருந்தது. தேர்வுத் தாள் திருத்த வேண்டும் என்றால்கூடப் போதும். நான் ஒரு நல்ல காட்டன் புடவையை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்தேன்.

மாலை ஐந்து மணி வெயிலில், வலைகள் காயும் மணலில் ஒரு ஷாமியானா போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள். பின்னால் ஒரு பேனர். அதில் ஒரு பெண் கடலைப் பார்த்து நிற்கும் ஓவியம், கையில் ஒரு கத்தி, பக்கத்தில் பனங்கட்டை. யாரோ வரைந்து அச்சிட்டிருந்தார்கள். அதன் கீழே நான் சொன்ன வருடம். எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். பேசச் சொன்னார்கள்.

பேசினேன். இதுதான் எனக்கு இன்றுவரை பொறுக்க முடியாதது. ஏற்கெனவே சொன்னதைச் சொல்லிவிட்டு உட்காராமல், புதிதாகவும் சேர்த்தேன். அவள் கணவன் புயலில் போனான், அதற்குப் பிறகுதான் அவள் கடலைக் கணக்கெடுக்க ஆரம்பித்தாள் என்றேன். முன்வரிசையில் இருந்த சில பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அவர்களில் கடலுக்குக் கணவனைக் கொடுத்தவர்களும் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சேர்த்தேன். அவர்கள் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே அடுத்த வாக்கியத்தையும் சொன்னேன்.

நான் முடித்ததும் ஒரு வயதான அம்மா எழுந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். இன்னும் கூடை தூக்கிக் கோவளம் சந்திப்பில் மீன் விற்கிறவர். "நம்ம ஊர்தான் இது. எங்கம்மா சொல்லிகீது. கட்டையில கோடு போடுற பொம்பள ஒருத்தி இருந்தான்னு நான் சின்னதா இருக்கசொல்ல சொல்லிகீது" என்றார். எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். சிலர் தலையாட்டினார்கள். நான் அதைக் கேட்டு என்ன உணர்ந்தேன் தெரியுமா? நிம்மதி. ஒருவேளை அப்படி ஒருத்தி இருந்திருப்பாளோ, எனக்கே தெரியாமல் உண்மையைத்தான் சொல்லிவிட்டேனோ என்று ஒரு நிமிடம் நம்பினேன். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த நிம்மதியோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மீன் விற்கும் பெண்களுக்கு ஒரு நெடுநாள் கோரிக்கை இருந்தது. சாலையோரம் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து விற்கிறார்கள். தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். பல தடவை மனு கொடுத்தும் நடக்கவில்லை. விழா நடந்த இரண்டு மாதத்தில் புதிதாக ஒரு மனு எழுதினார்கள். இந்த முறை முதல் பத்தியிலேயே அந்தப் பெண்ணின் கதையைப் போட்டார்கள். இப்படிப்பட்ட வரலாறு உள்ள ஊர் இது, அவள் நினைவாகவாவது இங்கே ஒரு கூரை போட்டுத் தாருங்கள் என்று. என் கையெழுத்துள்ள தாளின் நகலை இணைத்தார்கள்.

மனுவை வாங்கிப் படித்த அதிகாரி, இதற்கு என்ன ஆதாரம், எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். பள்ளிக்கூட மிஸ் எழுதிக் கொடுத்தது என்று இவர்கள் சொல்ல, மிஸ் எங்கே படித்தார் என்று கேட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அக்கா வந்து கேட்டார். நான் இன்னும் ஒரு பொய் சொன்னேன். எழும்பூரில் இருக்கிற பெரிய நூலகத்தில் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம், கடல் ஏற்ற இறக்கத்தைப் பற்றியது, காலேஜ் படிக்கும்போது பார்த்தது, பேர் ஞாபகம் இல்லை என்றேன். பேர் தெரியாத புத்தகத்தைத் தேடி யார் போகப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் விடுப்பு எடுத்தார். வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ நாள்தான் அவர் விடுப்பு எடுப்பார். உடம்பு சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். புதன்கிழமை காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது பீக்கர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நூலகத்துக்குப் போய்வந்தோம் என்றார். கடலுக்குப் போகாமல் தம்பியும் கூட வந்திருந்தாராம். தாம்பரத்தில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். உள்ளே எப்படிப் போவது என்று தெரியாமல் வாசலில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார்கள். அங்கே ஒரு நல்ல மனுஷர், விஷயத்தைக் கேட்டு, உட்கார வைத்து, பழைய புத்தகங்களாகத் தேடிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாராம்.

"மூணு புக்கு குடுத்தாரு மிஸ். தொட்டாலே ஒடிஞ்சிடும் போல இருந்துச்சு, அவ்ளோ பழசு. எங்க ஊரு பேர இங்கிலீஷ்ல எப்டி எழுதறதுன்னு தம்பி ஒரு சீட்டுல எழுதி எட்த்துகினு வந்தான். அத வெச்சிகினு ஒவ்வொரு பக்கமா பார்த்தோம். எல்லாம் நம்பரா கீது. எங்கனா ஒரு பொம்பள படம் கீதான்னும் பார்த்தேன். சாயங்காலம் மூடற வரைக்கும் பார்த்தோம். எங்களுக்குதான் பார்க்க தெரியல போல. நீங்க ஒரு நாள் வரீங்களா மிஸ்?"

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பேர், ஆங்கிலம் சரளமாகப் படிக்க வராதவர்கள், எண்கள் மட்டுமே உள்ள பக்கங்களை ஒன்றொன்றாகத் திருப்பி, இல்லாத ஒரு பெண்ணின் படத்தை ஒரு பகல் முழுவதும் தேடியிருக்கிறார்கள். கடைசியில் தங்களுக்குத்தான் தெரியவில்லை என்று வந்து சொல்கிறார்.

"அக்கா, அப்படி ஒரு புக் இல்ல" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. வேறு நூலகமா என்று கேட்டார்.

"எந்த லைப்ரரியிலயும் இல்ல. அன்னிக்கு எனக்குச் சொல்ல எதுவும் இல்லாம நானா கட்டிச் சொன்னேன். அப்படி ஒரு பொண்ணு இருந்தாளான்னே எனக்குத் தெரியாது. ஊர்ல வந்து பேசினதும் நான் சேர்த்ததுதான்."

அவர் குழாயை மூடினார். கையைப் புடவையில் துடைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். வெளியே இடைவேளை மணி அடித்தது.

"எங்க ஊர்க்காரின்னு சொன்னது?"

"நீங்க ஆசையா கேட்டீங்க. அதான்."

"நான் ஆசையா கேட்டேன்னா?"

அவர் அதை ஒரு கேள்வியாகத்தான் கேட்டார். பிறகு, மனுவில் நீங்கள் எழுதிய தாள் இருக்கிறது என்றார். நான் அழுதேன். அவர் அழவில்லை. அடுத்த வகுப்புக்குப் பிள்ளைகள் வரும் சத்தம் கேட்டதும் எழுந்து, மீதி பீக்கர்களைக் கழுவினார். மாலை கிளம்பும்போது ஒன்று மட்டும் சொன்னார். ஊரில் என்னால் சொல்ல முடியாது, நீங்களே வந்து சொல்லுங்கள் என்று.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுவிட்டுப் போனேன். ஷாமியானா எல்லாம் இல்லை. அக்காவின் அம்மா வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டார்கள். நான் தரையில் உட்கார்கிறேன் என்றேன், விடவில்லை. காபி கொடுத்தார்கள். அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். நான் முன்பு சொன்ன தகவலில் ஒரு தவறு நடந்துவிட்டது, அது சரியான தகவல் இல்லை என்று பின்னால்தான் தெரியவந்தது என்றேன்.

அக்கா கதவோரம் நின்றுகொண்டிருந்தார். "தப்பான தகவல் இல்ல மிஸ். நீங்க கட்டுன கதை. அத சொல்லுங்க" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார்.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். தண்ணீர் லாரியிலிருந்து, மைக் வரை, புயலில் போன கணவன் வரை. அந்த இடம் வந்தபோது ஒரு பெண் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரவில்லை. இன்னொருவர், படித்தவர்களுக்கு விளையாட நாங்கள்தான் கிடைத்தோமா என்று கேட்டார். குழுவின் தலைவி, மனுவை வாங்கி அந்தப் பத்தியை எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுக்க வேண்டும், அந்த அதிகாரி இனி நாங்கள் சொல்வதில் எதை நம்புவார் என்றார். மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அந்த வார்த்தை அங்கே ரொம்பச் சின்னதாகக் கேட்டது.

அப்போது அந்த வயதான அம்மா, முன்பு எழுந்து சாட்சி சொன்னவர், என் பக்கம் திரும்பினார்.

"எங்கம்மா எனக்கு சொன்னதும் பொய்யா அப்போ?"

அதைப் பற்றி எனக்குத் தெரியாது அம்மா என்றேன். நான் சொன்னது மட்டும்தான் பொய் என்றேன்.

"நீ சொல்றதுக்கு முன்னாடியே எனக்கு தெரியும். எங்கம்மா பொய் சொல்லாது" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்கள். அவர் யாரையும் கேட்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவருக்கு அவர் அம்மா உண்மையிலேயே ஏதாவது சொன்னாரா, அல்லது என் பேச்சைக் கேட்ட பிறகு அப்படி ஒரு ஞாபகம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. இனி அவருக்கும் தெரிய வழியில்லை. நான் கலக்கிவிட்டேன். போட்ட பொய்யைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று நினைத்துத்தான் அங்கே போனேன். அது இனி யாராலும் திரும்ப எடுக்க முடியாத இடத்துக்குப் போயிருந்தது.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியையிடம் போனேன். நான் இதுவரை சொன்னதில் எவை எல்லாம் நானே கட்டியவை, எவற்றின் தேதியை நகர்த்தினேன் என்று நோட்டைப் பார்த்துக் குறித்து எடுத்துப் போயிருந்தேன். காலை வழிபாட்டில் இதைப் பிள்ளைகளிடம் சொல்ல அனுமதி கேட்டேன். அவர் அந்தத் தாளை முழுதாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"விடுங்க மிஸ். பிள்ளைங்களுக்கு ஞாபகம்கூட இருக்காது. நீங்க இதைக் கிளப்பினா பேரன்ட்ஸ் வருவாங்க, மேனேஜ்மென்ட் கேட்கும். நானும்தான் பதில் சொல்லணும்."

அந்தப் பொறுப்பை உயிரியல் ஆசிரியையிடம் மாற்றினார். எனக்கு உடம்பு முடியவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. நான் அதையும் ஏற்றுக்கொண்டேன். வற்புறுத்தியிருக்கலாம். ஆயிரம் பிள்ளைகள் முன்னால் நிற்பதை நினைத்தபோது, அவர் வேண்டாம் என்று சொன்னது எனக்கு உள்ளூர ஆறுதலாகவே இருந்தது. பத்துப் பன்னிரண்டு மீனவப் பெண்களிடம் சொல்ல வேண்டியிருந்ததை, படித்த பெற்றோர் உள்ள இடத்தில் சொல்லாமல் தப்பித்துவிட்டேன். இதை எழுதும்போதுதான் அந்த வித்தியாசம் எனக்குச் சரியாகத் தெரிகிறது.

குழுவினர் மனுவை மாற்றி எழுதிக் கொடுத்தார்கள். கூரை இன்னும் வரவில்லை. என் பொய்யால்தான் வரவில்லை என்று சொல்ல முடியாது. அதற்கு முன்னும் வரவில்லை. ஆனாலும் கோவளம் பக்கம் பஸ்ஸில் போக நேர்ந்தால் நான் சாலையின் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. இந்த வருடம் மார்ச்சில், அதே நாளில், அந்த வயதான அம்மாவும் இன்னும் நான்கைந்து பேரும் பழைய பேனரை எடுத்து மாட்டிப் பூ போட்டதாக உயிரியல் ஆசிரியைதான் யாரிடமோ கேட்டு வந்து சொன்னார். அக்கா அதில் கலந்துகொண்டாரா என்று நான் கேட்கவில்லை.

அக்கா அதே ஆய்வகத்தில்தான் இருக்கிறார். வேலையில் ஒரு குறையும் இல்லை. முன்பு 'மிஸ்' என்றவர் இப்போது 'மேடம்' என்கிறார். மதியம் அவர் மற்ற அட்டெண்டர்களோடு கீழே சாப்பிடுகிறார். நான் ஆசிரியர் அறையில் சாப்பிடுகிறேன். ஒருமுறை வீட்டில் செய்த கேக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், நன்றி மேடம் என்றார், டப்பாவைக் கழுவி மறுநாள் மேஜையில் வைத்திருந்தார்.

போன நவம்பர் எட்டாம் தேதி உயிரியல் ஆசிரியை எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட நாளைப் பற்றிச் சொன்னார். உடம்பைத் திறக்காமலே எலும்பைப் பார்க்க முடிந்த கதை. நன்றாகத்தான் சொன்னார். வழிபாடு முடிந்து நான் ஆய்வகத்துக்குள் போனபோது அக்கா ஜன்னல் திரையை விலக்கிக்கொண்டிருந்தார். வேலை விஷயமில்லாமல் அவர் என்னிடம் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது.

"மேடம், காத்தால அந்த மிஸ் சொன்னாங்களே. அது நெஜமா?"

"நிஜம்தான் அக்கா."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"புக்குல காட்டுங்க" என்றார்.

அலமாரியில் தேடி ஒரு பழைய இயற்பியல் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைப் பிரித்தேன். முதன்முதலில் எடுத்த படங்களில் ஒன்று அதில் இருந்தது. ஒரு கையின் எலும்புகள், விரலில் கறுப்பாக ஒரு மோதிரம். கண்டுபிடித்தவரின் மனைவியுடைய கை என்று சொன்னேன். அவர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். படத்துக்குக் கீழே இருந்த வரியில் விரலை வைத்தார்.

"அந்தம்மா கைன்னு இதுல எழுதிகீதா?"

ஒவ்வொரு வார்த்தையாகப் படித்து அர்த்தம் சொன்னேன். அந்த வரியில் எக்ஸ்ரே படம், கை, மோதிரம் என்று மட்டும் இருந்தது. யாருடைய கை என்று இல்லை. இல்லை அக்கா, இதில் எழுதவில்லை, வேறு புத்தகத்தில் இருக்கிறது, தேடி எடுத்து வந்து காட்டுகிறேன் என்றேன்.

"சரி, எட்த்துகினு வாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் அன்றைய சோதனைக்கு வேண்டிய மின்கம்பிகளை எடுத்து மேஜைகளில் வைக்கப் போனார். மறுநாள் நான் அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் உட்கார்ந்து, அந்த இடத்தை என்னை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.